கறுத்த பிளக்கும் ஒரு கிலோமீற்றர் ஓட்டமும்

நிலாவெளிக் கரையில் ஒரு எஞ்சின் எத்தனை தரம் கயிறு இழுத்தும் ஸ்டார்ட் ஆகாவிட்டால், பக்கத்துப் படகில் இருந்து வரும் முதல் சொல் "பிளக்க மாத்து" என்பதுதான். எஞ்சினுக்குள் பொறி விட்டுப் பெற்றோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைத்தான் சொல்கிறார்கள். மாற்றுவார்கள். பெரும்பாலும் ஸ்டார்ட்டும் ஆகிவிடும். பழைய பிளக்கை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கொஞ்ச நாள் கழிய அதே எஞ்சின் அதே மாதிரி நிற்கும். இன்னொரு பிளக் வாங்க நிலாவெளியில் இருந்து திருகோணமலை டவுனுக்கு ஆள் போகும்.

எனக்கு இதில் ஒரு உறுதியான கருத்து உண்டு. புது பிளக் போட்டதும் எஞ்சின் ஓடியது என்பதை வைத்து, பழைய பிளக் பழுது என்று சொல்ல முடியாது. பிளக்கைக் கழற்றும்போது கூடவே வேறு வேலைகளும் நடந்துவிடுகின்றன. சிலிண்டருக்குள் அளவுக்கு மிஞ்சிக் கிடந்த பெற்றோல் அந்த ஓட்டை வழியே வெளியேறுகிறது. பிளக்கின் மேல் முனையில் மாட்டும் கெப்பைக் கழற்றித் திரும்ப அழுத்தும்போது உப்புப் பிடித்துத் தளர்ந்திருந்த தொடுப்பு இறுகிவிடுகிறது. பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் கொயில் சூடேறி நின்றிருந்தால் அதுவும் அந்த நேரத்தில் ஆறிவிடுகிறது. இவற்றில் எது எஞ்சினை ஓடவைத்தது என்று தெரிய வேண்டுமானால், ஓடின பிறகு நிறுத்தி, பழைய பிளக்கையே திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். அதிலும் நன்றாக ஓடினால் குற்றம் பிளக்கில் இல்லை. ஓடுகிற எஞ்சினை நிறுத்திப் பழையதைப் போட யாருக்கும் மனம் வராது, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சில நிமிடத்தை மிச்சம் பிடித்தால், பிறகு நடுக்கடலில் வைத்துத்தான் விடை தெரியவரும்.

என்னுடையது பைபர் படகு. பின்னால் இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் பெற்றோல் எஞ்சின், பெற்றோலிலேயே ஒயிலைக் கலந்து ஓட்டும் வகை. முன்பு மீன்பிடிக்குப் போய்வந்த எஞ்சின் அது. இப்போது சித்திரையில் கடல் அடங்கினதில் இருந்து புரட்டாதி வரைக்கும் புறாமலைத் தீவுக்கு ஆட்களைக் கொண்டுபோய்க் கூட்டி வருகிறேன். புறாமலை கரையில் இருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. 2003இல் தேசியப் பூங்காவாக்கிய இடம். சுற்றி முருகைக்கல், ஆழம் குறைவு, கீழே ஆட்கள் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து நீந்திக்கொண்டிருப்பார்கள். அங்கே எஞ்சினை முறுக்கிக்கொண்டு போக முடியாது, போகவும் கூடாது. ஊர்ந்து போய், ஊர்ந்து வரவேண்டும். இந்தத் தொழில் முறைக்கும் பிளக்குக்கும் என்ன தொடர்பு என்பது பின்னால் வரும்.

கோளாறு தொடங்கியது சீசன் நடுவில். நியூட்ரலில் நிற்கும்போது எஞ்சின் ஒரே தாளத்தில் இல்லாமல் விட்டுவிட்டு அடித்தது. கைபிடி வழக்கத்தை விட அதிகமாக நடுங்கியது. வெறும் படகாகப் போனால் ஏதோ சமாளித்தது. ஆட்கள் ஏறி, றேஸ் கொடுத்து, படகு தண்ணீருக்கு மேல் எழும்ப வேண்டிய நேரத்தில் சோர்ந்து விழுந்தது.

"மச்சான், பிளக் போயிட்டுது. ரெண்டையும் மாத்துவம்" என்றார் மச்சான். படகில் என்னோடு நிற்பது அவர்தான்.

"முதல்ல கழட்டிப் பாப்பம். துடைக்காதீங்க" என்றேன்.

இந்தத் துடைக்கிற பழக்கம்தான் பெரிய கேடு. பிளக் வெளியே வந்ததும் கை தானாகச் சாறத்தில் துடைத்துவிடும். எஞ்சினுக்குள் என்ன நடந்தது என்பதற்கான முழுச் சாட்சியும் அந்தக் கரியிலும் ஈரத்திலும்தான் இருக்கிறது. எனக்கு எஞ்சின் வேலை பழக்கிய இறக்கக்கண்டி நானா ஒருவர் இருக்கிறார். அவருடைய கராஜில் பிளக்கைக் கழற்றினால் மேல் சிலிண்டருடையது, கீழ் சிலிண்டருடையது என்று பலகையில் வரிசையாக வைக்க வேண்டும். மாறிப்போனால் ஏசுவார். "எந்தப் பிளக் எந்த வீட்டில இருந்து வந்தது எண்டு தெரியாட்டி, நீங்க பாத்ததும் பாக்காததும் ஒண்டுதான் தம்பி" என்பார்.

சரி, அன்றைக்கு என் கையில் இருந்த இரண்டு பிளக்கும் எப்படி இருந்தன என்று சொல்கிறேன். மேல் சிலிண்டருடையதன் நுனி கடும் பழுப்பாக, உலர்ந்து இருந்தது. நடுவில் இருக்கும் வெள்ளைப் பீங்கானில் பழுப்பு படிந்திருந்தாலும் பீங்கானின் உருவம் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்து உலோகக் கொக்கியின் ஓரங்கள் கூர்மையாக இருந்தன. டூ ஸ்ட்ரோக்குக்கு இது நல்ல நிறம். கீழ் சிலிண்டருடையது கறுப்பு. அதுவும் உலர்ந்த புகைக்கரி இல்லை. பளபளக்கிற, விரலில் ஒட்டுகிற ஒயில் கறுப்பு. பீங்கானுக்கும் வெளி உலோகத்துக்கும் நடுவில் உள்ள ஆழமான வளைய இடைவெளி முழுக்க அது நிறைந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் எரியாத பெற்றோல் மணத்தது. அதாவது அந்தச் சிலிண்டரில் பெற்றோல் வந்திருக்கிறது, ஆனால் ஒழுங்காக எரியவில்லை.

நிறத்தைப் படிக்கிற விசயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலர்ந்த கறுப்புத் தூள் என்றால் பெற்றோல் கூடுதல், காற்றுக் குறைவு, அல்லது ஸ்டார்ட் பண்ண இழுத்த சோக் திரும்பாமல் நிற்கிறது. ஈரக் கறுப்பு என்றால் ஒயில் கூடுதல், அல்லது அந்தச் சிலிண்டரில் பொறியே இல்லை. சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, பீங்கானில் சின்னச் சின்னக் கொப்புளம் தெரிந்தால் அதுதான் ஆபத்தானது. பெற்றோல் போதவில்லை, அல்லது எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடாகிறது. அப்படி ஒரு பிளக்கைப் பார்த்தால் புது பிளக் போட்டுக் கடலுக்குப் போகாதீர்கள். எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் பம்பின் சுழலியான இம்பெல்லரையும், பெற்றோல் வரும் சின்னத் துளையான காபரேட்டர் ஜெட்டையும் முதலில் பார்க்க வேண்டும். கறுத்த பிளக் வழியில் நிறுத்தும், அவ்வளவுதான். வெளுத்த பிளக்கை அலட்சியம் செய்தால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

இன்னொன்று. பிளக் காட்டுவது கடைசியாக எஞ்சின் எப்படி ஓடியதோ அதைத்தான். முழு வேகத்தில் வந்துவிட்டு, பிறகு முருகைக்கல்லுக்கு மேலாகப் பத்து நிமிடம் ஊர்ந்து கரைக்கு வந்தால், கழற்றும் பிளக் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் சொல்லும். முழு வேகத்தில் என்ன நடக்கிறது என்று அறிய வேண்டுமானால், ஆழக்கடலில் முழு வேகத்தில் ஓட்டி, றேசைக் குறைக்காமல் அப்படியே சுவிட்சை ஓஃப் பண்ணி, அங்கேயே வைத்துக் கழற்றிப் பார்க்க வேண்டும். கடல் அடங்கின நாளில், வேறு படகு துணைக்கு நிற்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். கை சுடும், துணி பிடித்துக் கழற்றுங்கள்.

அடுத்ததாக நாங்கள் செய்தது கரையில் எல்லோருக்கும் தெரிந்த சோதனை. பிளக்கைக் கெப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பை எஞ்சினில் படவைத்து, கயிறை இழுத்து "கரண்ட் வருதா" என்று பார்ப்பது. கீழ் பிளக்கிலும் கரண்ட் வந்தது. "பிளக் சரி மச்சான், அப்ப கொயில்தான்" என்று மச்சான் உடனே கட்சி மாறிவிட்டார்.

இங்கேதான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். வெளிக்காற்றில், பிளக்கின் நடு நுனிக்கும் பக்கத்துக் கொக்கிக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் பொறி ஒரு மில்லிமீற்றர் தூரம் தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை நெருக்கும்போது அதே இடைவெளியைத் தாண்டப் பல மடங்கு வோல்ட் வேண்டும். றேஸ் கூடக் கூட உள்ளே போகும் காற்றும் பெற்றோலும் கூடும், நெருக்கமும் கூடும், தேவைப்படும் வோல்ட்டும் ஏறும். கரி படிந்த பிளக்கில் கரண்டுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று இடைவெளியைத் தாண்டுவது. மற்றது பீங்கான் மேல் படிந்த கரி வழியே உலோக உடம்புக்கு ஒழுகிப் போவது. வெளியே வைத்துச் சோதிக்கும்போது இடைவெளியைத் தாண்டுவது லேசு, அதனால் பொறி தெரிகிறது. உள்ளே பாரம் ஏறியதும் தாண்டுவது கடினமாகிறது, கரண்ட் கரி வழியே போய்விடுகிறது. வெறும் படகாக ஓடி, ஆட்கள் ஏறினால் விழுந்ததற்குக் காரணம் இதுதான். ஆகவே வெளியே பொறி வரவில்லை என்றால் அது ஒரு செய்தி. பொறி வந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது.

அந்தச் சோதனையைச் செய்யும்போது கவனிக்க வேண்டியவையும் உண்டு. பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பொறி பார்க்காதீர்கள், அங்கிருந்து பெற்றோல் ஆவி வரும். கெப்பைக் கையால் பிடிக்காதீர்கள். மற்றச் சிலிண்டரின் கெப்பையும் சும்மா தொங்கவிடக்கூடாது, அதிலும் ஒரு பிளக்கை மாட்டி எஞ்சினில் படவைக்க வேண்டும். கரண்டுக்குப் போக வழி இல்லாவிட்டால் கொயிலும், பொறியை நேரத்துக்கு அனுப்பும் சீ.டி.ஐ. பெட்டியும் பழுதாகலாம். ஓடுகிற எஞ்சினில் கெப்பை இழுத்துப் பார்க்கிற பழக்கத்தை இந்தக் காரணத்துக்காகவே நான் வெறுக்கிறேன். நனைந்த கையோடு அதைச் செய்தவர்கள் அடி வாங்கித் தண்ணீருக்குள் விழுந்திருக்கிறார்கள்.

இரண்டு சிலிண்டரிலும் ஒரே நேரத்தில் கரண்ட் இல்லை என்றால் பிளக்கைக் குறைசொல்ல வேண்டாம். இரண்டு பிளக் ஒன்றாகச் சாவது மிக அரிது. ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்துவதற்காகக் கையில் கட்டும் சிவப்புக் கயிற்றின் கிளிப் சுவிட்சில் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது கழன்று கிடக்கப் பிளக் மாற்றினவர்களை இந்தக் கரையிலேயே பார்த்திருக்கிறேன்.

சரி, கீழ் சிலிண்டருக்கு வருவோம். இரண்டு சிலிண்டர் எஞ்சின் வைத்திருப்பவருக்குக் காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு பிளக்கையும் இடம் மாற்றிப் போடுவது. மேலே இருந்ததைக் கீழே, கீழே இருந்ததை மேலே. ஓட்டிப் பார்த்துவிட்டு, எந்தச் சிலிண்டர் இப்போது வேலை செய்யவில்லை என்று பார்க்க வேண்டும். கோளாறு பிளக்கோடு சேர்ந்து மேலே போனால் குற்றவாளி பிளக். கோளாறு கீழேயே நின்றால் பிளக் நிரபராதி. கெப், வயர், கொயில், காபரேட்டர், கொம்ப்ரசன் (பிஸ்டன் காற்றை நெருக்கும் அழுத்தம்) என்று அந்தச் சிலிண்டரைத்தான் தேட வேண்டும்.

எங்களுக்குக் கோளாறு மேலே போனது. எஞ்சினை நிறுத்திப் பார்த்தால், முன்பு பழுப்பாக இருந்த மேல் சிலிண்டரில் இருந்து இப்போது நனைந்த பிளக் வெளியே வந்தது. கீழே போன பிளக் உலர்ந்தே இருந்தது. மச்சானுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

உறுதிப்படுத்த மல்டிமீற்றரும் பிடித்தேன். கெப் மாட்டும் மேல் முனைக்கும் நூல் வெட்டிய உலோக உடம்புக்கும் நடுவில் நல்ல பிளக்கில் மீற்றர் அசையவே கூடாது. அந்தப் பிளக்கில் மீற்றர் அசைந்தது. கரி வழியே கரண்ட் ஒழுகுகிறது என்பதற்கு அது நேரடிச் சாட்சி. ஆனால் மறுபக்கமாக நினைத்துவிடாதீர்கள். மீற்றரில் இருப்பது சின்னப் பற்றரி, எஞ்சினில் வருவது ஆயிரக்கணக்கான வோல்ட். மீற்றர் அசையாவிட்டாலும், மயிரிழை அளவு வெடித்த பீங்கான் எஞ்சினுக்குள் கரண்டை விட்டுவிடும். பெயரில் "ஆர்" எழுத்து உள்ள பிளக்குகளில் இன்னொன்றையும் பார்க்கலாம். மேல் முனைக்கும் நடு நுனிக்கும் இடையே ஏறக்குறைய 5 கிலோ ஓம் காட்ட வேண்டும். மீற்றர் அசையவே இல்லை என்றால் உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் போய்விட்டது. "ஆர்" இல்லாத பிளக்கில் அந்த இரண்டு முனைக்கும் நடுவில் மீற்றர் ஏறக்குறைய சைபர் ஓம் காட்டும், நேரடித் தொடுப்புத்தான்.

புது பிளக் போட்டோம். படகு எழும்பியது. இத்தோடு விட்டிருந்தால் மச்சான் முதலில் சொன்னதைத்தான் சுற்றி வளைத்துச் செய்ததாக ஆகியிருக்கும். பிளக் ஏன் கறுத்தது என்பதற்கு இன்னும் விடை இல்லை. சில நாளில் புதுப் பிளக்கும் அதே கறுப்பில் வந்தது. மேலே உள்ளதும் பழுப்பில் இருந்து கறுப்புப் பக்கம் சாயத் தொடங்கியிருந்தது.

பிளக்கின் நுனி ஏறக்குறைய 450 பாகை செல்சியஸ் சூட்டைத் தாண்டினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850ஐத் தாண்டினால் அந்த நுனியே பொறிக்கு முன்னால் பெற்றோலைப் பற்றவைத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மாதிரித்தான் பிளக்கைச் செய்கிறார்கள். மீன்பிடிக்குப் போன காலத்தில் இந்த எஞ்சின் நெடுநேரம் ஒரே வேகத்தில் ஆழத்துக்கு ஓடும், கரி தானாக எரிந்துவிடும். இப்போது அதன் வேலை ஒரு கிலோமீற்றர். அதிலும் பாதித் தூரம் ஊர்வது, பிறகு நிறுத்தி வைத்திருப்பது, திரும்ப ஊர்வது. பிளக் சூடாவதற்கு நேரமே கிடைக்கவில்லை.

அதற்கு மேல் ஒயில். என் எஞ்சினுக்குப் பெற்றோல் ஐம்பது பங்குக்கு டூ ரீ ஒயில் ஒரு பங்கு. அதாவது லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 10 லீற்றர் கானுக்கு 200. மச்சான் கலக்கும்போது அளவுக்கு மேல் இன்னும் ஒரு வார்ப்பு வார்ப்பார். "ஒயில் கூடினா எஞ்சினுக்கு நல்லம்" என்பது கரையில் பலருடைய நம்பிக்கை. உப்புக் கடலில் எஞ்சினைக் காப்பாற்ற வேண்டும் என்ற அக்கறையில் வருவது அது. ஆனால் கூடின ஒயில் எரியாமல் பிளக்கில்தான் போய்ச் சேரும். ஒயில் கூடும் அளவுக்குப் பெற்றோலின் பங்கும் குறைகிறது. அளவுக் குவளை ஒன்று வாங்கிக் கானோடு கட்டிவிட்டோம்.

ஓட்டத்தையும் மாற்றினோம். கடைசி ஆட்களை இறக்கிய பிறகு, பாறைகளை விட்டு விலகி ஆழத்துக்குப் போய், கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டுத்தான் கரைக்குத் திரும்புகிறோம். தீவருகே ஆட்களுக்காகக் காத்திருக்கும்போது நியூட்ரலில் ஓடவிடாமல் நிறுத்திவிடுகிறோம். பெற்றோல் கொஞ்சம் கூடச் செலவாகிறது என்று மச்சான் சொல்வது உண்மைதான். அதற்குப் பிறகு கழற்றின பிளக்குகள் இரண்டும் பழுப்பாக வருகின்றன.

நடுவில் ஒருவர் "சூடு கூடின பிளக் போடுங்க, கரி பிடிக்காது" என்றார். அதை நான் செய்யவில்லை. என் எஞ்சினுக்கு உரியது என்.ஜி.கே. கம்பனியின் பி7எச்எஸ். என்.ஜி.கே.யில் அந்த எண் குறைந்தால் பிளக் சூடாக நிற்கும், கூடினால் குளிர்ந்து நிற்கும். பி6எச்எஸ் போட்டால் ஊரும்போது கரி குறையும், உண்மை. ஆனால் ஆட்களோடு முழு வேகத்தில் போகும் நாளில் நுனி அளவுக்கு மிஞ்சிச் சூடாகும். எஞ்சின் செய்தவர்கள் சொன்ன எண்ணை விட்டு விலகுவதற்கு முன்னால் ஒயிலையும் ஓட்டத்தையும் சரிசெய்வதுதான் முறை என்பது என் எண்ணம். கடையில் "இதுக்குச் சமமானது" என்று வேறு கம்பனிப் பிளக் தந்தால் இன்னும் கவனம் வேண்டும். டென்சோவும் என்.ஜி.கே. மாதிரித்தான், எண் கூடினால் குளிர். பொஷ்சிலும் சாம்பியனிலும் தலைகீழ், எண் கூடினால் சூடு. எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் நினைத்ததற்கு எதிரானது கையில் வந்துவிடும். நூல் வெட்டின நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். பி7எச்எஸ்சில் "எச்" என்பது 12.7 மில்லிமீற்றர். அதே விட்டத்தில் "ஈ" எழுத்து உள்ளது 19 மில்லிமீற்றர். அதைப் போட்டால் பிஸ்டனில் போய் இடிக்கலாம்.

கடற்கரை எஞ்சினுக்கே உரிய இன்னொரு கோளாறு உப்பு. பிளக்கின் வெளிப் பீங்கானிலும் கெப்பின் உள்ளேயும் உப்பு படிந்து ஈரம் பிடித்தால் கரண்ட் சிலிண்டருக்குள் போகாமல் வெளியிலேயே ஓடிவிடும். காலையில் ஸ்டார்ட் ஆகாமல், வெயில் ஏறினதும் ஸ்டார்ட் ஆகிற எஞ்சினில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இருட்டின பிறகு, மேல் மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டுப் பாருங்கள், கைவைக்காமல். கெப்பைச் சுற்றி நீலமாக மினுங்கினால் பிளக்கை மாற்றிப் பயனில்லை, கெப்பைத்தான் மாற்ற வேண்டும். நல்ல தண்ணீரில் துடைத்து, உலர்த்தி, கெப்பின் வாயில் சிலிக்கன் கிறீஸ் மெல்லியதாகத் தடவி வைத்தால் நெடுநாள் தாங்கும்.

மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கரித் தொல்லை எங்களை விட அதிகம். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, அதனால்தான் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணிப் பிறகு மாற்றுகிறார்கள். கரைக்கு வரும்போதும் கடைசிச் சில நிமிடத்தைப் பெற்றோலில் ஓட்டி, காபரேட்டரில் இருக்கும் மண்ணெண்ணெயைத் தீர்த்துவிட்டு நிறுத்தினால் மறுநாள் பிளக் நனையாது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரேயடியாக 340 ரூபாய் ஆன பிறகு, அந்தக் கடைசிப் பெற்றோலையும் மிச்சம் பிடிக்கத் தோன்றுவது நியாயம்தான். ஆனால் அந்த மிச்சம் பிளக்குக்கே செலவாகிவிடும்.

மோட்டார் சைக்கிள், தண்ணீர் பம்ப் போன்ற ஒற்றைச் சிலிண்டரில் இடம் மாற்றிப் பார்க்க முடியாது. அதற்கு, ஓடுவது நிச்சயமாகத் தெரிந்த ஒரு பிளக்கை எப்போதும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். புதுப் பெட்டியில் இருப்பதை விட ஏற்கெனவே ஓட்டிப் பார்த்ததை நம்பலாம், ஏனென்றால் அசலைப் போலவே அச்சடித்த போலிப் பிளக்குகளும் கடைகளில் இருக்கின்றன. போர் ஸ்ட்ரோக்கில் பிளக் ஒயிலில் நனைந்து வந்தால் அது கலவைக் கோளாறு இல்லை, பிஸ்டன் றிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும்.

கறுத்த பிளக்கை எறிய வேண்டியதில்லை. பெற்றோலில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்து, வெயிலில் காயவைத்தால் அவசரத்துக்கு உதவும். மண் தாளால் தேய்க்காதீர்கள். அந்தத் துகள் பீங்கானின் ஆழத்தில் சிக்கிப் பிறகு சிலிண்டருக்குள் விழும். கம்பி பிரஷ் பீங்கானில் உலோகக் கோடு போட்டுவிடும், அதுவும் கரண்ட் ஒழுக வழி. நுனிக்கும் கொக்கிக்கும் உள்ள இடைவெளியை பீலர் கேஜ் தகட்டால் அளந்து பாருங்கள். என் எஞ்சினுக்கு 0.6 மில்லிமீற்றர். சரிசெய்யும்போது பக்கத்துக் கொக்கியை மட்டும் வளைக்க வேண்டும், நடு நுனியில் நெம்பினால் பீங்கான் வெடிக்கும். கொக்கியின் ஓரங்கள் உருண்டு தேய்ந்திருந்தால் கழுவிப் பயனில்லை.

போடும்போது ஸ்பனரைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். பிளக் ஏறும் சிலிண்டர் தலை அலுமினியம், பிளக் இரும்பு. கோணலாக ஏற்றினால் தலையின் நூல்தான் போகும். முழுக்கக் கையால் முறுக்கி, அடி தட்டின பிறகு, புது வாஷர் என்றால் ஸ்பனரால் அரைச் சுற்றில் இருந்து மூன்றில் இரண்டு சுற்றுக்குள் நிறுத்துங்கள். பழைய பிளக்கின் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், அதற்குப் பன்னிரண்டில் ஒரு சுற்றே போதும்.

படகில் இப்போது மூடி இறுகிய ஒரு போத்தல் இருக்கிறது. உள்ளே இடைவெளி அளந்து, இதே எஞ்சினில் ஓட்டிப் பார்த்த இரண்டு பிளக், பிளக் ஸ்பனர், ஒரு கெப், உலர்ந்த துணி. கழற்றின பிளக்குகளை வைக்க மச்சான் ஒரு பலகைத் துண்டில் இரண்டு ஓட்டை போட்டு, மேல், கீழ் என்று எழுதியிருக்கிறார்.